மரத்துல செஞ்ச என் மூஞ்சி

சென்னை ப்ளைட்டுக்குத்தான நிக்கீங்க? உக்காருங்க அண்ணாச்சி, பையைத் தள்ளி வைக்கேன். இன்னும் நாலு மணி நேரம் கெடக்கு. நீங்க போன்ல 'மோட்டரைப் போட்டு வையி'ன்னு யாரையோ அதட்டுனீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையில எனக்கு உசிரே வந்துட்டு. இந்த அடிஸ் அபாபா ஏர்போர்ட்ல தமிழ்ச் சத்தம் கேக்கதுன்னா சும்மாவா? நீங்க தூத்துக்குடியா? நான் திசையன்விளை. இசக்கிராஜா. மலாவியில இருக்கேன், மூணரை வருசமாச்சு. ஆப்பிரிக்காவுல கீழ, ஒரு பெரிய ஏரியை ஒட்டி, மேப்புல முருங்கக்கா மாதிரி நீளமாக் கெடக்கும். யாருக்கும் தெரியாது. எங்கம்மா இன்னும் மாலத்தீவுன்னுதான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா.

ஒரு ஞாயம் கேக்கணும் உங்கட்ட. வயசுல மூத்தவங்க, சொல்லுங்க. ஒரு ஊர்ல ஒரு விசேசம். விசேசம்னா துக்க விசேசம், நம்ம பதினாறு மாதிரி. ஊரையே கூப்பிடுதாங்க. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுதவன், தக்காளி விக்கவன், ஒருத்தன் பாக்கி இல்ல. என்னை மட்டும் வராதங்காங்க. ஆடு குடுத்தவன் நான். என்னை மட்டும். ஞாயமா?

இருங்க, இருங்க. முதல்லருந்து சொல்லுதேன். நடுவுல இருந்து சொன்னா நான் கெட்டவன் மாதிரி தெரியும்.

ஒரு சேட்டோட ஹார்டுவேர் கடை. அவரு தலைநகரத்துல இருக்காரு. ரோட்டோரச் சின்ன டவுன்ல உள்ள கடைக்கு நான்தான் மேனேஜர். சிமெண்டு, தகரம், ஆணி, பெயிண்டு, மழைக்காலத்துல உரம். எனக்குக் கீழ ரெண்டு பேரு. கல்லாவுல தோக்கோன்னு ஒரு பிள்ளை, வாய்னா அப்படி ஒரு வாய். லோடு ஏத்த இறக்க லிம்பானி. என் வயசுதான், இருபத்தெட்டு. பனை மாதிரி ஆளு, பேச்சே கெடையாது. 'ப்வானா'ம்பான் என்னைய. ப்வானான்னா முதலாளி. காதுல தேன் மாதிரி இருக்கும் அண்ணாச்சி, பொய் சொல்லல.

நான் அங்க போய்ச் சேந்த முதல் மாசம் ரோட்டுல வண்டில வாரேன், எதுக்க ஒண்ணு ஓடி வருது. உடம்பெல்லாம் சாம்பல், இடுப்புல கிழிசல் துணி, மூஞ்சில மரத்துல செஞ்ச முகமூடி, செக்கச் செவேல்னு பெயிண்டு, ஆட்டு மயிர்ல தாடி. பிள்ளையெல்லாம் கத்திக்கிட்டு ஓடுது. நான் பிரேக் போட்டு இறங்கிட்டேன். பயந்துட்டேன்னா நினைக்கீங்க? கையெடுத்துக் கும்பிட்டேன்! நம்ம குலசை தசரா அண்ணாச்சி! அப்படியே குலசை! எங்க அண்ணன் வருசா வருசம் காளி வேசம் போடுதவன். மாலை போட்டு, வெரதம் இருந்து, வேசம் கட்டிட்டான்னா எங்கம்மாவே அவனை 'தாயே'ன்னுதான் கும்பிடுவா. பேரைச் சொல்லவே கூடாது. அது அண்ணன் கெடையாதுல்லா அப்ப.

அங்கயும் அதே கதைதான். 'குலே வாம்குலு'ன்னு சொல்லுவாங்க. பெரிய ஆட்டம்னு அர்த்தம். செவான்னு ஒரு ஜனம், அவங்க சாவு வீட்டுல ஆடுதது. அந்த முகமூடியில வாரது ஆளு இல்ல, செத்தவங்க. அதனால அது எதை வேணும்னாலும் சொல்லலாம். தலைவரு ஏமாத்துனாரா, ஒருத்தன் பொண்டாட்டியப் போட்டு அடிச்சானா, முகமூடி வந்து நடுக்களத்துல அப்படியே ஆடிக் காட்டிட்டுப் போயிரும். எவனும் கோவப்படக் கூடாது. கோவப்பட ஆளு வேணும்லா? அங்க ஆளே கெடையாதே! உள்ள யாருன்னு ஊருக்கே தெரியும், ஒருத்தன் சொல்ல மாட்டான். சின்னப்பிள்ளையக் கேட்டாக்கூட 'காட்டுல இருந்து வந்த மிருகம்'ங்கும்.

நான் பைத்தியமாயிட்டேன் அண்ணாச்சி. பைத்தியம். எந்த ஊர்ல ஆட்டம்னாலும் போயிருவேன். 'முகமூடி மச்சான்'னு நெட்டுல ஒரு பக்கம் ஆரம்பிச்சு வீடியோ போட்டேன். இங்கிலீஷ்காரத் துரையைக் கிண்டல் பண்ணி ஒரு செவப்பு முகமூடி, சண்டைக்கோழி மாதிரி ஒண்ணு, கழுதைப்புலி ஒண்ணு. எல்லாத்துக்கும் மேல ஒரு மான் உண்டு. அது முகமூடி இல்ல, மூங்கில்லயும் புல்லுலயும் சோளத்தோகையிலயும் பின்னுன ஆளுயர மான். உள்ள ஆளு நின்னு தூக்கிட்டு வருவான், தரையில வழுக்கிட்டு வாரது மாதிரி இருக்கும். செத்தவங்க வீட்டைச் சுத்தி வந்து, அங்க நிக்க உசிரைத் தனக்குள்ள வாங்கிக்கிடும். வாங்கிட்டுச் சுடுகாட்டுப் பக்கமா போயிரும். அப்புறம் அதை எரிச்சிருவாங்க. அத்தோட துக்கம் முடிஞ்சுது. அதைப் பாக்கைல எனக்கு எங்கப்பா நெனப்பு வந்து அழுதுட்டேன். அந்த வீடியோவுலயே என் விசும்பல் கேக்கும்.

சரி. விசயத்துக்கு வாரேன்.

போன வருசம் ஜனவரி. வெள்ளிக்கிழமை மத்தியானம். மழை கட்டிக்கிட்டு நிக்கி. லிம்பானி தொப்பியக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு வந்து நின்னான். 'ப்வானா, வண்டி வேணும்'ன்னான். கடைக்கு ஒரு பிக்கப்பு வண்டி உண்டு, சாவி என்ட்டதான். அவன் சம்சாரத்துக்குக் காலையில இருந்து வலி. மருத்துவச்சி பாத்துட்டு, பிள்ளை குறுக்க கெடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாளாம். ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டரு.

நான் சொன்னேன், 'நாளைக்குக் காலையில முதல் வேலையா நானே ஓட்டிட்டு வாரேன் லிம்பானி.' வண்டிக்கு வேற சோலி இருந்துச்சு அன்னைக்கு. தலைப்பிரசவம்லா, எங்கக்காவுக்கு ரெண்டு நாளாச்சு அண்ணாச்சி. ரெண்டு நாளு! வலின்னா உடனேயா பிறக்குது? நான் என்ன டாக்டரா? அவன் 'நாளைக்கா?'ன்னு கேட்டான். 'நாளைக்கு'ன்னேன். 'சரி ப்வானா'ன்னுட்டான். கவனிச்சீங்களா? சரின்னான். அழல, கால்ல விழல. 'உசிருக்கு ஆபத்து'ன்னு ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லிருந்தா நான் சாவியக் குடுத்திருக்க மாட்டேனா?

சைக்கிள் டாக்சி உண்டு அங்க. பின்னாடி கேரியர்ல அவளை உக்காத்தி வச்சு, ஓட்டுதவன் முதுகோட சேத்துத் துணியால கட்டி, இவன் பக்கத்துலயே ஓடிருக்கான். மழை பிடிச்சுட்டு. பாதி வழியில ஒரு மேடு வரும், அங்க வச்சே முடிஞ்சுட்டு. ரெண்டு உசிரும்.

நான் சாவுக்குப் போனேன். ரெண்டு மூடை சோளமாவு குடுத்தேன். அவன் 'நன்றி ப்வானா'ன்னான். ரெண்டு வாரத்துல வேலைக்கு வந்துட்டான். முன்னாடியும் பேச மாட்டான், இப்பவும் பேசல. நான் என்னத்தக் கண்டேன், எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சேன்.

என்ன சோலியா? வண்டிக்கா? சொல்லுதேன், அதுவும் வரும்.

ஆகஸ்டுல, அறுவடையெல்லாம் முடிஞ்ச பொறவு, லிம்பானி சம்சாரத்துக்குத் துக்கம் முடிக்க காரியம் வச்சாங்க. வீட்டுக்கு வீடு சோளம் குடுத்து, ஒரு வாரமா பீர் காய்ச்சி, பெருசா. அதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடி ரோட்டுல பிள்ளைங்க என்னையப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சுது. தோக்கோட்ட கேட்டேன், என்னட்டீ விசயம்னு.

'பாஸ், உங்களைச் செதுக்குதாங்க'ன்னா.

'யாரு?'

'யாருன்னு நான் எப்படிச் சொல்ல? காட்டு மிருகம்.'

'நல்லா இருக்கேனா?'

'பல்லு நல்லா வந்திருக்காம்.'

அண்ணாச்சி, நான் குதிச்சுட்டேன்! துரைமாரைத்தான் செதுக்குவாங்க, தலைவரைத்தான் செதுக்குவாங்க. திசையன்விளைக்காரன் மூஞ்சிய எவன் செதுக்குவான்? நம்ம ஊர்ல கட்டவுட் வச்சாக்கூட மழை வந்தா கிழிஞ்சிரும், இது மரம்! அம்மாவுக்குப் போன் போட்டேன். 'எதுக்குல ஒன்னையப் போய்?'ன்னா. அவளுக்கு என்ன தெரியும்! என் நெட்டுப் பக்கத்துல அறிவிப்புப் போட்டேன், மச்சானுக்கே முகமூடி, ஞாயித்துக்கெழம நேரலைன்னு. தோக்கோ மட்டும், 'பாஸ், நீங்க போகாம இருந்தா நல்லது'ன்னா. பொறாமைன்னு நினைச்சேன். புதுச்சட்டை போட்டு, திருநீத்துப் பட்டை அடிச்சு, முன்வரிசையில போய் நின்னுட்டேன், போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு.

மேளம் அடிக்காங்க. பொம்பளைங்க கை தட்டிப் பாடுதாங்க. வந்துச்சு.

நல்ல வேலைப்பாடு அண்ணாச்சி, அதைச் சொல்லணும். மீசை என் மீசை. நெத்தியில மூணு பட்டை, வெள்ளைப் பெயிண்டுல, நான் விக்க பெயிண்டுதான்! காது வரைக்கும் சிரிப்பு, அத்தனை பல்லும் தெரியுது. கண்ணு மட்டும் இல்ல. கண்ணு இருக்க வேண்டிய எடத்துல ஒரு கறுப்புப் பலகை, சதுரமா, மூஞ்சில ஆணி வச்சு அடிச்சிருக்கு. போனு.

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கி. நானும் சிரிக்கேன். அது என்னைய மாதிரியே நடக்கு, குதிகாலைத் தூக்கித் தூக்கி. பிள்ளைங்களைப் படம் பிடிக்கி, கோழியப் படம் பிடிக்கி, குனிஞ்சு ஒரு கெழவரோட வாயைப் படம் பிடிக்கி. லைவ்ல ஆயிரத்து இருநூறு பேரு. 'மச்சான் மாஸு'ன்னு வந்துக்கிட்டே இருக்கு.

அப்பத்தான் இன்னொண்ணு வந்துச்சு. பொம்பள முகமூடி. வயிறு பெருசா. தட்டுத் தடுமாறி வந்து மண்டி போட்டு என் மூஞ்சி வச்ச முகமூடியோட சட்டையப் பிடிச்சு இழுக்கு. அது என்ன செய்யணும்? ரெண்டு எட்டு பின்னால போச்சு. எதுக்குன்னா, வயிறும் தலையும் சேந்து படத்துல விழணும்லா, அதுக்கு. 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ங்கு. அவ கையை நீட்டுதா. 'நாளைக்கு'ங்கு. என் இழுவையிலயே சொல்லுது. நா-ளைக்கு. பொம்பளைங்க பாட்டை அதுலயே பிடிச்சுக்கிட்டாங்க, நாளைக்கு நாளைக்குன்னு. அவ சரிஞ்சு மண்ணுல படுத்துட்டா. அது முதுகைக் காட்டித் திரும்பி, தூரத்துல எங்கயோ ஆடுத வேற ஒரு முகமூடியப் படம் பிடிக்கி.

ஆமா. அதுதான் சோலி.

நாப்பது கிலோமீட்டர்ல ஒரு ஊர்ல பெரிய தலைவரு செத்துப் போயிருந்தாரு. பல வருசத்துக்கு ஒருக்க வெளிய எடுக்க முகமூடி அன்னைக்குத்தான் வருதுன்னாங்க. அன்னைக்கு விட்டா கெடையாது. நான் ஒண்ணும் குடிக்கப் போகல, கூத்தியா வீட்டுக்குப் போகல. அவங்க சாமியத்தான பாக்கப் போனேன்? அவங்களுக்கே அது பெருமைதான? அந்த வீடியோதான் என் பக்கத்துலயே அதிகம் பேரு பாத்தது, மூணு லட்சம். சாயங்காலமே போட்டுட்டேன். அவன் அந்த மேட்டுல அவளைத் துணியோட அவுத்து இறக்குன நேரமா இருக்கும், கணக்குப் பாத்தா. நான் கணக்குப் பாக்கதில்ல.

சிரிப்பு நின்னுட்டு அண்ணாச்சி. முதல்ல பின்னாடி இருந்த பொம்பளைங்க அழுதாங்க, பொறவு முன்னாடி. செத்தவளோட அம்மா எந்திரிச்சு நின்னுட்டா. அங்க ஒருத்தன் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், இங்க நான் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். நான் நிப்பாட்டல. கையி நிப்பாட்டல. அப்ப அந்த முகமூடியோட காலைப் பாத்தேன். வலது கால் பெருவிரல்ல நகம் கெடையாது. தகரம் விழுந்து போன நகம். எங்கடையில விழுந்த தகரம், நானே மஞ்சப்பொடி வச்சுக் கட்டுன காலு.

'லிம்பானி!'ன்னு கத்திட்டேன். 'லிம்பானி, போதும்! திங்கக்கெழம வேலைக்கு வரணும்லா நீ!'

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். ஆயிரத்து இருநூறு பேரு பாக்காங்க, சும்மா சிரிப்பா முடிச்சிரலாம்னு.

மேளம் நின்னுச்சு பாருங்க. பொம்பளைங்க துணியத் தலையில போட்டுக்கிட்டு ஓடுதாங்க. அந்த ரெண்டு முகமூடியையும் நாலஞ்சு பேரு சுத்தி மறைச்சு மரத்துப் பக்கமாக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கம்வெண்டோன்னு ஊர்த்தலைவரு, மெலிஞ்ச மனுசன், என் பக்கத்துல வந்தாரு. திட்டல. 'இங்க லிம்பானி இல்ல. இங்க மனுசனே இல்ல. நீ யாரைக் கூப்பிட்ட?'ன்னாரு.

தெரியாமச் செஞ்சுட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். வெளியூர்க்காரன், வழக்கம் தெரியாதுன்னு. சேட்டுட்டயும் அதான் சொன்னேன். உங்கட்ட சொல்லுததுக்கு என்ன, தெரியும் அண்ணாச்சி. அங்க நின்ன அத்தனை வெளியூர்க்காரன்லயும் எனக்கு மட்டுந்தான் நல்லாத் தெரியும். காளி வேசம் கட்டி நிக்கவனைப் பாத்து ஏல, நாளைக்கு லோடு இறக்க வந்துருன்னு எவனாவது சொல்லுவானா? எங்கம்மா செருப்பால அடிச்சிருப்பா.

அன்னைக்கு மான் வரல. பின்னி முடிச்சு, சுடுகாட்டுப் பக்கம் தயாரா நின்னிருக்கு. சாயங்காலம் வரணும். வரல. காய்ச்சுன பீரை மண்ணுல ஊத்திட்டாங்க. அடுத்த வருசம்னுட்டாரு தலைவரு. சோளம் மறுபடி விளையணும்லா.

நான் ஆடு குடுத்தேன். நல்ல கிடா, மறுநாளே. கோழி பத்து. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்க. வாங்குனா மன்னிச்ச மாதிரிதான? அந்த நேரலைய அழிச்சுட்டேன், அதையும் செஞ்சுட்டேன். இன்னும் என்ன செய்யணும்?

லிம்பானி திங்கக்கெழம வந்தான். கரெக்டா ஏழு மணிக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. 'உன்னைய ஒண்ணும் வேலைய விட்டு அனுப்ப மாட்டேம்பா, பயப்படாத'ன்னேன். பெரிய மனசுதான அது? அவன், 'எதுக்கு ப்வானா?'ன்னு கேட்டான். கேட்டுட்டு சிமெண்டு மூடையத் தூக்கிட்டுப் போயிட்டான்.

ஒரு வருசம். அந்தக் காரியம் முடியாம அவன் அந்த ஊரை விட்டுப் போகக் கூடாது, இன்னொருத்தியக் கட்டக் கூடாது. செத்தவளோட அம்மா வாரச் சந்தைக்கு வரும், கடை வழியாத்தான் போகணும். அது தோக்கோட்ட சொல்லுமாம், எம்பிள்ளை இன்னும் வீட்டைச் சுத்தியே நிக்கா, சாயங்காலமானா கதவுக்கிட்ட நிக்கது தெரியுது, உள்ளயும் வர முடியல, போகவும் முடியலன்னு. தோக்கோ அதை எனக்கு எதுக்குச் சொல்லணும்? நான் கேட்டேனா? கணக்கு நோட்டைப் பாருட்டீன்னு சத்தம் போட்டேன்.

போன மாசம் லிம்பானி தகரத்தை அடுக்கிக்கிட்டே கேட்டான். 'ப்வானா, நீங்க ஊருக்குப் போகணும்னீங்களே?'

'தீவாளிக்குப் போறேன்'ன்னேன்.

'ஆகஸ்டுல போங்க.'

'ஆகஸ்டுல எங்க ஊர்ல என்ன இருக்கு?'

அவன் தகரத்தைக் கீழ வச்சான். மூணரை வருசத்துல அன்னைக்குத்தான் என் மூஞ்சிய நேராப் பாத்தான். 'போங்க ப்வானா. தயவு செஞ்சு'ன்னான். வண்டி கேட்டு வந்தப்பக்கூட அந்த வார்த்தையச் சொல்லல அவன்.

எனக்குக் கோவம் வந்துச்சு, இப்பவும் கோவந்தான். நான் ஓரமா நின்னு கும்பிட்டுட்டு வந்திர மாட்டேனா? போனை வீட்டுல வச்சிட்டுப் போயிருப்பேன். சத்தியமா வச்சிட்டுப் போயிருப்பேன். நீங்க ஏன் அப்படிப் பாக்கீங்க?

மணி என்ன இப்ப? அஞ்சேகாலா? அங்க ஒரு மணி நேரம் பின்னாடி, நாலேகால். ஆமா, அந்தக் காரியம் இன்னைக்குத்தான். நான் டிக்கெட்டை வேணும்னே இன்னைக்குப் போட்டேன், ஊர்லயே இல்லாம இருப்போம்னு. இந்நேரம் மான் கெளம்பிருக்கும். மூணு தடவை வீட்டைச் சுத்தும். கதவுக்கிட்ட வந்து கொஞ்ச நேரம் நிக்கும், அசையாம, அவ ஏறிக்கிடணும்லா. பொம்பளைங்க எல்லாம் அவ பேரைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க, நம்ம ஒப்பாரி மாதிரியேதான். அப்படியே பின்னாலயே போய் வழியனுப்பிருவாங்க.

என்ன கேட்டீங்க? அவ பேரா?

லிம்பானி சம்சாரம்னுதான்... இருங்க. கடைக்கு ரெண்டு மூணு தடவை சோறு கொண்டு வந்திருக்கா அவனுக்கு. எனக்கு ஒரு தடவை சுட்ட சோளம் குடுத்தா, உப்புத் தடவி. அங்க பொம்பளைங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க அண்ணாச்சி. பிள்ளை பிறந்துட்டா அந்தப் பிள்ளை பேரைச் சொல்லி, இன்னாரோட அம்மான்னுதான் ஊரே கூப்பிடும். அதான் வழக்கம். அவளுக்கும் பிள்ளை பிறந்து அப்படி ஒரு பேரு வந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்.

அதுக்குத்தான் வண்டி கேட்டான்.